நேரும் கோணலும்

சென்ற தவணையில் எமது பாடசாலையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, வாரங்கள் பல கழிந்தும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நிகழ்ச்சி சிறிது, அதனுள் அடங்கிய கேள்வியோ அத்துணைச் சிறியதன்று. நீதியென்பது எல்லாவற்றையும் ஓர் அளவுக்குள் நேராக நிறுத்துவதா, அன்றி ஒவ்வொன்றையும் அது நிற்குமிடத்தில், அது நிற்கும் கோணத்திலேயே ஏற்றுக்கொள்வதா என்பதே அக்கேள்வி. கணினி விளையாட்டொன்றை வைத்து இதனை ஆராயப்போகிறேன் என்றதும் ஆசிரிய நண்பர் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். சற்றுப் பொறுக்குமாறு அவர்களை வேண்டுகிறேன்.

எமது பாடசாலை ஹற்றனுக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கு நடுவே இருப்பது. ஆண்டிறுதிக் கண்காட்சிக்கென்று பத்தாந் தர மாணவன் ஒருவன் தான் வாழும் தோட்டப் பிரிவையே ஒரு கணினி விளையாட்டின் களமாக வரைந்து கொண்டிருந்தான். விளையாடுபவர் விடியற்காலையில் லயத்திலிருந்து புறப்பட்டு, சிறுத்தையின் கண்ணிற் படாமல் மலையேறி, கூடை நிறையக் கொழுந்துடன் மடுவத்தை அடைய வேண்டும். இதற்கு அவன் பயன்படுத்தியது ‘டைல்ட்’ என்னும் இலவசக் கருவி. அதில் களம் அடுக்கடுக்காக அமையும். அடியிலுள்ள தரையடுக்கு சதுரக் கட்டங்களால் ஆனது. அங்கே புல்லோ பாதையோ எதை வைத்தாலும் கட்டத்துக்குள்தான் நிற்கும். திருப்ப விரும்பினாலும் 90 பாகை, 90 பாகையாகவே திருப்பலாம். அதற்கு மேலே பொருள்களுக்கென ஓர் அடுக்கு உண்டு. அங்கே ஒரு மரத்தையோ வீட்டையோ விரும்பிய இடத்தில், விரும்பிய கோணத்தில் வைக்கலாம். ஒழுங்கு வேண்டுவோர்க்கென அங்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதனை இயக்கிவிட்டால், பொருளை எங்கே விட்டாலும் அது தாவிச் சென்று அண்மையிலுள்ள கட்டக்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். மாணவன் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்தான்.

நான் பார்த்தபோது களம் பாதி முடிந்திருந்தது. லயம் நேராக இருந்தது. லயத்தின் பின்புறத்திலோ தகரக் குசினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி நின்றன. மாடசாமிக் கல் பாதையோரத்தில் சாய்ந்திருந்தது. பீலிக்குப் போகும் குறுக்குப் பாதை எந்தக் கோட்டையும் மதியாமல் வளைந்து சென்றது. “என்னடா இது, எல்லாம் கோணல் மாணலாக? பார்க்க வருபவர்கள் என்ன நினைப்பார்கள்? கட்டத்தைப் போட்டுவிட்டு ஒழுங்காக வை” என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பேரனுக்குப் பேரனாக நாங்கள் வளர்க்கப்பட்ட முறை அப்படி.

மூன்று நாட் கழித்துப் பார்த்தேன். களம் சீப்பெடுத்து வாரியது போலிருந்தது. குசினிகளைத்தான் காணவில்லை. கேட்டபோது அவன் சொன்னான்: “லயத்துக்கும் கானுக்கும் நடுவுல ஏழடிதான் சேர் இருக்கு. ஒரு கட்டம் பத்தடி. வச்சா ஒண்ணு லயத்து மேல ஏறுது, இல்லாட்டி கானுக்குள்ள விழுது. எங்க குசினியும் வரல. எடுத்துட்டேன்.”

அவன் குரலில் மனத்தாங்கல் சிறிதும் இல்லை. என்னைச் சுட்டது அதுவே. ஒரு கட்டத்துக்கு ஏன் பத்தடி வைத்தாய் என்று கேட்டேன். “காம்பரா பத்தடிதானே சேர். லயத்த வரையச் சுகமா இருந்திச்சு” என்றான்.

இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்க வேண்டியிருக்கிறது. கட்டம் என்பது இயற்கையில் முளைத்ததன்று. எவரோ ஒருவர் தமக்கு வசதியான அளவொன்றைத் தெரிந்துகொண்டு விரித்த வலை அது. இம்மாணவனின் களத்தில் அந்த அளவு லயக் காம்பராவின் அளவு. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலாளரைக் குடியிருத்துவதற்குக் கட்டிய வரிசை அறைகள் அவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சிலவிடங்களில் முதுகோடு முதுகொட்டிய இரட்டை வரிசை. ஒரு குடும்பத்துக்கு எத்துணை இடம் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து அந்த அளவு பிறக்கவில்லை. ஆட்களை எண்ணிப் பெரட்டுக்கு அழைக்கவும், மிகக் குறைந்த செலவில் கூரை போடவும் எது ஏற்றது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. லயத்தை வைத்தவர்கள் துரைமார். அதன் பின்னால், புகை உள்ளே அடையாதிருக்கவும் மருமகள் பிள்ளை பெற்றபோது மறைப்பொன்று இருக்கவும், தகரத்தையும் பலகையையும் பொறுக்கி வந்து குசினியை வைத்தவர்கள் எங்கள் தாய்மார். தோட்டத்துப் பேரேட்டில் லயத்துக்கு இலக்கம் உண்டு, குசினிக்கு இல்லை. லயத்தில் பிறந்து, பேராதனையில் தமிழ் படித்து, இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நான், எங்கள் கையால் வைக்கப்பட்ட ஒன்றேயொன்றைக் கோணல் என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கொண்டே அகற்றுவித்திருக்கிறேன்.

அதற்காகக் கட்டத்தையே பழித்துவிட்டு, தளையற்ற வைப்பே விடுதலை என்று முழங்கிவிடலாமா? அவ்வளவு இலகுவில் என்னால் அதனைச் சொல்ல முடியவில்லை. திட்டமிடுதலிலும் பொது அளவிலும் நம்பிக்கை உள்ளவன் நான். கட்டம் இருந்தால்தான் ஒரு மாணவன் செய்த பாதியும் இன்னொருவன் செய்த பாதியும் இடைவெளியின்றிப் பொருந்தும். கை நடுங்கும் சிறு பிள்ளையும் அதில் ஒரு வீட்டை வைத்துவிடலாம். கட்டமின்றி வைத்த களங்களில் சுவருக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை வெடிப்பு விழுவதும், ஆடுபவர் அதனூடே களத்துக்கு வெளியே விழுந்துவிடுவதும் இத்துறையில் உள்ளோர் நன்கறிந்த தொல்லைகள். சுதந்திரத்துக்கு உழைப்பு அதிகம் தேவைப்படுகிறது.

மேலும், முற்றிலும் கட்டமற்ற வைப்பு என ஒன்று உண்டா என்பதே ஐயத்துக்குரியது. 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்னும் விளையாட்டின் களம், பக்கத்துக்கு 64 ஆகச் சதுரங்கள் அடுக்கிய பலகை. அங்கே சுவர்களெல்லாம் செங்கோணத்திலேயே சந்தித்தன. அதே குழுவினர் 1993 டிசம்பரில் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டிலோ சுவர் எக்கோணத்திலும் திரும்பலாயிற்று; சதுரத்தின் சிறை உடைந்தது என்று பலரும் வியந்தனர். (இவ்விளையாட்டுகளின் கொலைவெறி எனக்கு உவப்பானதன்று, அவற்றின் நில அமைப்பே இங்கு நமக்கு வேண்டுவது.) எனினும் டூம் களத்தின் ஒவ்வொரு மூலைப் புள்ளியும் முழு எண்ணிலேயே குறிக்கப்பட்டது. அரை, கால் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. அஃதாவது கட்டம் ஒழியவில்லை. கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுணுகிவிட்டது. இன்றைய கருவிகளில் தசம எண்கள் வந்துவிட்டன; அவையும் ஓர் எல்லைக்கு மேல் பிரியாத படிகள்தாம். ஆதலின் கட்டமா சுதந்திரமா என்று கேட்பது கேள்வியைப் பிழையாகத் தொடுப்பதாகும். படியின் அளவு என்ன, அதனை வகுத்தவர் யார், யாருடைய காலடியை வைத்து வகுத்தார், அதில் வாழ்பவர் வேண்டும்போது அதனை நிறுத்திவைக்க இயலுமா என்றே கேட்க வேண்டும். டைல்ட் கருவியில் கொன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் போதும். கட்டத்தின் பிடி அந்நேரத்துக்கு விட்டுவிடுகிறது. நான் செய்த தவறு கட்டத்தைப் பரிந்துரைத்ததன்று. அந்த விசையிலிருந்து பிள்ளையின் விரலை அகற்றியது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எமது மொழியே நேரின் பக்கம் நிற்கிறது. நேர் என்பதிலிருந்து நேர்மை. நல்லாட்சி செங்கோல், தீயாட்சி கொடுங்கோல், வளைந்த கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். ‘கோணற்புத்தி’ என்று ஏசுகிறோம். வளைவின் மீது இத்துணை வெறுப்பு ஏன்? இதே மொழியில் ‘கோடு’ என்னும் சொல்லுக்கு வரி என்ற பொருளோடு வளைதல் என்ற பொருளும் மலையுச்சி என்ற பொருளும் உண்டென்பதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுத்துவிட்டு, மலைநாட்டுப் பிள்ளையின் கோட்டை அடிமட்டம் வைத்துத் திருத்துகிறோம். நடுநிலைமைக்கு முன்னோர் காட்டிய உவமை துலாக்கோல் அல்லவா? அக்கோல் நேராக நிற்பதனால் மட்டும் நீதியுடையதாகவில்லை. தட்டில் வைத்தது எதுவாயினும் அதன் பாரத்துக்கு முதலில் சாய்ந்துகொடுக்கிறது. சாயத் தெரியாத தராசில் எவரும் எதையும் நிறுக்க மாட்டார்.

நிறுவை என்றதும் மடுவம் நினைவுக்கு வருகிறது. கட்டத்தில் ஒட்டிக்கொள்ளுதல் என்பது கணித நோக்கில், கிட்டிய முழு அளவுக்கு மாற்றுதலேயன்றி வேறில்லை. கணினி அதனை நேர்மையாகச் செய்கிறது. பொருள் வலக்கோட்டுக்கு அண்மையில் இருந்தால் வலப்புறம் தாவும். இடக்கோட்டுக்கு அண்மையில் இருந்தால் இடப்புறம் தாவும். என் தாய் கொழுந்து பறித்த காலத்தில், எங்கள் தோட்டத்துத் தராசு முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே நின்றாலும், கணக்குப் புத்தகத்தில் கீழ்க்கோட்டின் எண்ணே எழுதப்பட்டது. தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழித்தது வேறு. ஒரு நாளும் முள் மேல்நோக்கித் தாவி நான் பார்த்ததில்லை. அளவைகள் பொதுவானவை, எவர் பக்கமும் சாராதவை என்று சொல்லப்படும்போதெல்லாம் அந்தக் கிராம்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று நான் கணக்குப் பார்ப்பதுண்டு.

கட்டத்துக்குள் வராததை இல்லாததென்று கொள்ளும் வழக்கம் இம்மலைகளில் தேயிலைக்கு முன்னரே வேரூன்றியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம், மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்கே சொந்தமெனக் கொண்டது. கண்டிய விவசாயி சில ஆண்டு பயிரிட்டுச் சில ஆண்டு ஓய விட்ட சேனை நிலத்துக்கும், அவன் மாடு மேய்ந்த காட்டுக்கும், எல்லைக் கல்லும் உறுதிப் பத்திரமும் ஏது? படத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டமாயிற்று. சிங்களக் குடியானவனின் கோணல் நிலத்தை விழுங்கிய அதே கட்டத்துக்குள்தான் தமிழ்த் தொழிலாளி கொண்டுவந்து வைக்கப்பட்டான். இவ்விருவரும் ஒருவரையொருவர் எதிரியெனக் காண நேர்ந்தது வரலாற்றின் கொடுமை.

நிலத்தைப் போலவே மனிதரும் கட்டத்தில் வைக்கப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலோரை எக்கட்டத்திலும் சேராதவராக்கிற்று. 1964 இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது; எஞ்சிய 150,000 பேர் 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். முழு எண்கள், அழகான எண்கள். அண்ணன் ஒரு கோட்டிலும் தம்பி மறு கோட்டிலும் ஒட்டப்பட்ட குடும்பங்கள் தலைமன்னார்த் துறையில் பிரிந்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இல் தான் வந்தது. எத்தனை பேர் எங்கே என்று கேட்டவர்கள், எங்கே இருக்க விரும்புகிறாய் என்று ஒருவரிடமேனும் முதலில் கேட்டிருந்தால் அந்த எண்கள் இவ்வளவு உருண்டையாக வந்திரா.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். லயத்துக்கு மாற்றாகத் தனி வீடும் 7 பேர்ச் காணியும் வழங்கும் திட்டம் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன; 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. எல்லார்க்கும் ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே வரிசை. எமது எழுத்தாள நண்பர் ஒருவர் இதனைக் கண்டு, ‘லயத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள்’ என்று எள்ளினார். அவருடன் எனக்கு உடன்பாடில்லை. வலியவன் இருபது பேர்ச்சும் எளியவள் இரண்டு பேர்ச்சும் எடுத்துக்கொள்ளும் ‘சுதந்திரத்தை’ விட, எல்லார்க்கும் ஏழு என்னும் கட்டம் ஆயிரம் மடங்கு மேலானது. கையில் உறுதிப் பத்திரம் உள்ள சதுரம், எவர் தயவிலோ நிற்கும் கோணலினும் மேலானது. என் தாயின் குசினியைத் துரை நினைத்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் பிடுங்கியெறிந்திருக்கலாம். ஆனால் அளவு சமமாயிருப்பது வேறு. இடத்தைத் தெரிவது வேறு. அந்த ஏழு பேர்ச் எந்தச் சரிவில், எந்த நீரோடைக்கு மேலே, வாசல் எத்திசையில் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் அங்கே குடியேறப்போகும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடப்படுகிறதா?

இது வெறும் வசதி பற்றிய கேள்வியன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி லயங்களை அப்படியே மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அறிந்தும் அங்கேயே இருந்தார்களே என்று வியந்தவர்கள், இன்னோரிடத்தில் ஒரு கம்பம் நடுவதற்குக்கூட அம்மக்களுக்கு உரிமை இருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாடு மண்ணுக்கடியில் பிணம் தேடியது.

குசினிகளைத் திரும்ப வைக்குமாறு நான் சொன்ன அன்று மாலை, மாணவன் கட்டத்தை நிறுத்திவிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். இடையில் என்னைப் பார்த்து, “சேர், லயத்துக்கு மேல மண்மேடு வெடிச்சிருக்கு. லயத்தையே கொஞ்சம் அங்கால தள்ளி வச்சிரட்டுமா? மௌஸால ஒரு இழுவைதான்” என்றான். வைத்தால் என்ன என்று கேட்டேன். சற்று யோசித்தான். “வேணாம் சேர். அது நெசமில்லையே” என்று சொல்லி, சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கற்பனையிலும் லயம் அசையவில்லை.

நேர்க்கோட்டுக்கும் மனம்போன போக்குக்கும் நடுவே மூன்றாவதொரு வழி உண்டென்பதை எங்களுக்குக் காட்டித் தருவது, வேடிக்கையாக, தேயிலைச் செடியே. பழைய தோட்டங்களில் நிரைகள் மேலிருந்து கீழாக நேரே இறங்கின. பார்ப்பதற்கு இராணுவ அணிவகுப்பு. மழை பெய்தால் மேல்மண் முழுவதும் நிரைக்கு நிரை ஆற்றை நோக்கி ஓடிற்று. பின்னர் வந்த நடுகையில் நிரைகள் சமவுயரக் கோட்டைப் பின்பற்றி மலையைச் சுற்றி வளைந்தன. அங்கும் அளவு இல்லாமலில்லை. நிரைக்கு நிரை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி என்பது விதி. ஆனால் அந்த நான்கடி எத்திசையில் செல்வது என்பதை மலை சொல்கிறது. விதியும் இருக்கிறது, வளைவும் இருக்கிறது, மண்ணும் நிற்கிறது. முதலாளியின் பணம் மண்ணோடு கரைந்தபோது வளைவைக் கற்றுக்கொண்ட அதே நிருவாகங்கள், அம்மலையில் வாழ்ந்த மனிதரின் வீட்டுக்கு அப்பாடத்தை நீட்டவில்லை என்பது குறிக்கத்தக்கது.

கண்காட்சி நாளன்று மாணவனின் அப்பாயி வந்திருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துப் பென்ஷனில் இருப்பவர். திரைக்கு முன்னால் வாங்கில் இருந்தி, “நம்ம வீட்டக் காட்டுய்யா” என்றார். பேரன் லயத்தில் ஆறாவது காம்பராவைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. பின்புறத்தைத் தேடி, குசினியைக் கண்டுகொண்டு, திரையில் விரலை வைத்தார்.

“கதவு இந்தப் பக்கம் இல்லையே. கான் பக்கம்ல?”

பேரன் திருப்பினான்.

“இன்னுங் கொஞ்சம். காத்து அடிச்சா அடுப்பு அணையும்னுதானே உங்க தாத்தா அப்பிடிச் சாய்ச்சு வச்சாரு.”

இன்னுஞ் சற்றுத் திருப்பினான். மதிப்பெண் தாளுடன் நடுவர்கள் பின்னால் காத்துக்கொண்டிருந்தார்கள். கிழவி அவர்களைக் கவனிக்கவில்லை. “பீலி அங்க இல்லய்யா,” என்றார், “இன்னும் பணிய.” பேரன் பீலியைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.